இடமிருந்து வலமாக

…ஏன் இத்தனை அம்புக்குறி, அவள் மாற்றியது இரண்டே இரண்டு பக்கம்தானே, தொடர்பு எண் இருக்கிற பக்கம் ஒன்று, தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு வாழ்த்து என்று ஒரு வரி சேர்த்த முகப்புப் பக்கம் ஒன்று, அதற்கு இரண்டு பச்சை அம்புதான் வர வேண்டும், இங்கே என்னவென்றால் திரையின் மேலிருந்து கீழ்வரை பச்சையாக முளைத்துக் கிடக்கிறது, இடப்பக்கம் அவளுடைய கணினி, வலப்பக்கம் எங்கேயோ ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கிற சர்வர், நடுவில் அம்புகள், எல்லாமே இடமிருந்து வலமாக, ஒன்றுகூட இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை… இரண்டு பக்கத்தையும் ஒத்துப்போக வைக்கிற சிங்க் பொத்தானை அழுத்திவிட்டு அப்பாவின் கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்யப் போனாள், வெந்நீர், பஞ்சு, புது நாடா, நாடாவுக்குள் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்ப்பது, எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் இந்தக் கோலம். அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கிற வழக்கம்தான், அவள் கட்டிக் கொடுத்த பல் மருத்துவரின் வலைத்தளத்துக்கு, தரை ஓடு கடைக்காரரின் தளத்துக்கு, எல்லாவற்றுக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்துத்தான் அழுத்துவாள், பணம் தருகிறவர்களின் ஃபைல் என்றால் அத்தனை பயம். இது அப்பாவின் தளம், வீட்டு விஷயம், வீட்டு விஷயத்தை யார் நின்று பார்க்கிறார்கள்?

மெல்ல, மெல்ல, பதறாதே, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இந்த மென்பொருளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு நியாயம், இரண்டு பக்கமும் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் எதன் தேதி புதிதோ அது ஜெயிக்கும், மற்றதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காது. அப்படியென்றால் இவள் பக்கத்து ஃபைல்கள் எல்லாமே புதியவையா, எப்படி, பாட்டுப் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கிற அப்பாவின் ஒலிப்பதிவுகளை இவள் மாதக்கணக்காகத் தொடவே இல்லையே, போன வருடம் ஏற்றியதோடு சரி… ஹார்ட் டிஸ்க். போன வாரம் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது, பழுதுபார்க்கிற கடைக்காரர் பழைய பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் புது டிஸ்கில் போட்டுக் கொடுத்தார், ஒண்ணுகூட விட்டுப் போகலை மேடம் என்று பெருமையாகச் சொன்னார், விட்டுப் போகவில்லைதான், ஆனால் அவர் எடுத்துப் போட்ட விதத்தில் அத்தனைக்கும் முந்தாநாள் தேதி விழுந்திருக்கிறது. உள்ளே இருப்பது போன வருடத்துச் சரக்கு, மேலே முந்தாநாள் தேதி, மென்பொருள் தேதியைப் பார்த்து வணக்கம் வைத்து உள்ளே விட்டுவிட்டது. சர்வரில் இருந்தவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சர்வரில் இருந்தவை… நிறுத்து என்கிற பொத்தானைத் தேடி அழுத்தினாள், நிச்சயமாக நிறுத்த வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டது, ஆமாம் என்பதற்குள் கடைசி அம்பும் போய்ச் சேர்ந்துவிட்டது, முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. பிழை எதுவும் இல்லையாம்.

முதல் அத்தியாயத்தைத் தட்டினாள், ஸ்பீக்கரிலிருந்து அப்பாவின் குரல் அறை முழுக்கக் கொட்டியது, முதல் அத்தியாயம், எலும்புகள், கணீரென்று, முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவரின் குரல், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் கூரையில் கொண்டுபோய் ஒட்ட வைக்கிற குரல். வீட்டிலும் அப்படித்தான், சாப்பாட்டு மேசைக்கு வர வேண்டிய பயணிகள் உடனடியாக வரவும் என்பார், இவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர், எங்கேயும் நிற்காமல் ஓடுகிறவள், தம்பிக்குப் பாசஞ்சர், எல்லா ஸ்டேஷனிலும் நின்று எல்லாரிடமும் பேசிவிட்டு வருகிறவன், எக்ஸ்பிரஸ் வந்து சேர்ந்தது, பாசஞ்சர் வழக்கம்போல் தாமதம், வருந்துகிறோம் என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அறிவிப்பார். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல், பார்வையில்லாத பிசியோதெரபி மாணவர்களுக்காக உடற்கூறுப் பாடப் புத்தகத்தைப் படித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார், இவள் தளம் கட்டிக் கொடுத்தாள், தம்பி பதிவு செய்தான், மூன்று பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். அப்புறம் அதைக் கேட்டுப் படிக்கிற ஒரு மாணவிப் பெண் போன் செய்தாள், சார் கோச்சுக்காதீங்க, நீங்க படிக்கிறது ரொம்ப நல்லா இருக்கு, ஆனா ரயில் கிளம்பிடுது, நான் பிளாட்பாரத்துலயே நிக்கிறேன், என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்து முடித்ததும் இருமினார், இருமல் நிற்கவில்லை, அந்த இருமலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆக இது பழசு. சந்தேகமே இல்லை, இருமல் இல்லை, கரகரப்பு இல்லை, வேகம் வேகமாகவே இருக்கிறது, போன வருடத்து ரயில். சர்வரில் இன்று காலைவரை இருந்தது இதுவல்ல. குரல்வளையில் வந்திருப்பது என்ன என்று தெரிந்த பிறகு, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, அப்பா முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி படித்தார், மெதுவாக, அந்தப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி, தினமும் சாமான் அறைக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் படிக்க ஒரு சொம்பு தண்ணீர் குடித்துக்கொண்டு. தம்பி லிஃப்ட் மெக்கானிக், வேலை முடிந்து கிரீஸ் வாடையோடு நேரே சாமான் அறைக்குள்தான் போவான், அப்பாவின் போனிலேயே பதிவு செய்து, இருமலை வெட்டி, அங்கேயே உட்கார்ந்து நேராகச் சர்வரில் ஏற்றிவிட்டு, போனில் இடமில்லை என்று அழித்தும் விடுவான். எத்தனை தடவை சொல்லியிருப்பாள், நேரா சர்வர்ல கை வைக்காதடா, என்கிட்ட கொடு, என் மெஷின்ல வச்சு அப்புறம் ஏத்தறேன், அதுதான் முறை, என்று. சர்வர்ல இருக்குல்லக்கா, அது எங்க போயிடப் போகுது, என்பான். எங்கே போய்விடும்? இதோ, போய்விட்டது. முறை முறை என்று கழுத்தை அறுத்தவளே போக்கிவிட்டாள். ஆனால்… இதையும் கேட்டுவிடலாம், யாரும் இல்லை, கேட்டுவிடலாம்… முறை தெரிந்தவள் ஏன் அந்தப் புதிய பதிவுகளைக் கீழே இறக்கித் தன் கணினியில் வைத்துக்கொள்ளவில்லை? ஒரே ஒரு தடவை வலமிருந்து இடமாக அம்பைத் திருப்பியிருந்தால் போதுமே, கால் மணி நேர வேலை. டிஸ்க் போவதற்கு முன்னால் மூன்று மாதம் இருந்ததே. நேரமில்லை என்பாள், அப்பாவைப் பார்த்துக்கொள்வது யார் என்பாள், எல்லாம் சரி. இறக்கினால் சரியாக இருக்கிறதா என்று ஒன்றையாவது போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவள்தான் கேட்கவில்லை. அந்த நாட்களில் சாமான் அறைப் பக்கம் போனாலே எரிச்சல், தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், இங்கே அப்பாவும் பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு எலும்பையும் தசையையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள், யாருக்காவது பொறுப்பு இருக்கிறதா? கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது, தம்பி கேட்டான், ஒரு வாரம் தள்ளிப் போடலாம்க்கா, ஒரே ஒரு வாரம், அப்பா முடிச்சிடுவாரு. மருத்துவர் என்ன சொன்னார், சீக்கிரம் செய்தால் நல்லது என்றார், ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை, ஆகும் என்றும் சொல்லவில்லை, அந்த இடைவெளியில்தான் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். புஸ்தகம் முக்கியமா, அப்பா முக்கியமா, என்று இவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லார் எதிரிலும் கத்தினாள். உனக்கு அப்பா வேணும்க்கா, அவருக்கு அந்த வேலை முடியணும், என்று அவன் மெதுவாகத்தான் சொன்னான், அவன் கத்தியிருந்தால்கூட மறந்திருப்பாள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்பா பிழைத்துவிட்டார், அது பொய்யா? குரல் போய்விட்டது, அதுவும் பொய்யில்லை. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசவில்லை, அவள் வாடிக்கையாளர்களைப் பார்க்க வெளியே போகிற நாளாகப் பார்த்து அவன் அப்பாவைப் பார்க்க வருவான், அவள் திரும்பி வந்தால் வராந்தாவில் கிரீஸ் வாடை மட்டும் இருக்கும், நாற்காலி ஒன்று இடம் மாறியிருக்கும்.

நிழல் தட்டியது. ஸ்பீக்கரை அணைக்கவே மறந்துவிட்டாள், அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார், கழுத்தில் புது நாடா, கையில் எழுதுகிற சின்னப் பலகை. அறிவிப்பாளர் அப்பாவுக்கு இப்போது அந்தப் பலகையும் சுவரும்தான், சுவரில் ஒரு தட்டு தட்டினால் வா, இரண்டு தட்டினால் போதும், நிறுத்து, நேற்றுகூடக் கஞ்சி ஊற்றும்போது சமையலறைச் சுவரில் இரண்டு தட்டினார். வாசல் நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், முதல் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய உதடு கூடவே அசைந்தது, மண்டை ஓடு, முதுகுத் தண்டு, விலா… அவருக்குத் தெரியாது. மகள் ஆசையாகப் பழைய பதிவைப் போட்டுக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்பட்டமாக இருந்தது, அதைப் பார்க்க முடியாமல் அவள் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பலகையில் எழுதிக் காட்டினார், என்ன வேகம்! யார் இந்த மடையன்? என்று. தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் இல்லை, கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. அவளும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வாள். அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் தம் அறைக்குப் போனார், அவர் உட்கார்ந்ததும் கட்டில் முனகியது.

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? இந்த எண்ணம் திருட்டுப் பூனை மாதிரி வந்து மடியில் உட்கார்ந்தது. தளத்தைத் திறந்து பார்த்தாள், எல்லா அத்தியாயமும் இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை, பெயர் மாறவில்லை, வரிசை மாறவில்லை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, போதாக்குறைக்குக் குரல் நன்றாக இருக்கிறது, அப்பா அப்பாவாக இருக்கிறார். அவளுக்கே இந்தக் குரல்தான் வேண்டும், அதை ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம், உடைந்த குரலைக் காலகாலத்துக்கும் உலகம் கேட்க வேண்டுமா, தெரியாமல் நடந்தது நல்லதற்கு நடந்ததாக இருக்கட்டுமே… அந்தப் பெண்ணுக்குத் தேர்வு. அடுத்த வாரம் தேர்வு, அதற்குத்தானே முகப்பில் வாழ்த்துப் போட்டாள், வாழ்த்தைப் போட்டுவிட்டுப் பாடத்தைப் பிடுங்கிக்கொண்டாயிற்று. இன்று மத்தியானம் அந்தப் பெண் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவாள், ரயில் கிளம்பிவிடும், அவள் பிளாட்பாரத்திலேயே நிற்பாள். போன மாதம் அப்பாவின் போனை இவள் எடுத்தபோது அந்தப் பெண்தான் பேசினாள், குரலைக் கேட்டதும் களுக்கென்று சிரித்து, ஓ, நீங்கதானா அந்த அக்கா, என்றாள், எந்த அக்கா என்று இவளுக்குப் புரியவில்லை, அவசரத்தில் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு அத்தியாயமும் ரெண்டு ரெண்டு தடவை கேக்கறேங்க, பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்ற மாதிரியே இருக்கு, என்று சொல்லிவிட்டு வைத்தாள். பூனையைத் தள்ளிவிட்டு எழுந்தாள், எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள், கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேலைக்கென்று வைத்திருக்கிற போனில் சர்வர் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள், ஒரு பாட்டு, இன்னொரு பாட்டு, அப்புறம் தூக்கக் கலக்கமாக ஒரு பையன் குரல், விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேக்கப் இருக்கு மேடம், கவலைப்படாதீங்க, என்றான், அவனைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது, அடுத்த வாக்கியத்தில் அந்த ஆசை போய்விட்டது. ஆனா ஒரே ஒரு காப்பிதான் மேடம் வச்சிருப்போம், தினமும் மதியம் பன்னெண்டுக்குத் தானா புதுசு எடுத்துடும், எடுத்ததும் பழசு போயிடும். சுவரைப் பார்த்தாள், பதினொன்றரை தாண்டியிருந்தது. பன்னிரண்டு அடித்தால் அவள் ஏற்றிய பழசு புதுசு என்கிற பெயரில் அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்குமேல் உலகத்தில் எங்கேயும் அந்தப் பதிவு இருக்காது. சரிங்க, இப்பவே பழசைத் திருப்பிப் போடுங்க, என்றாள். போட்டுடலாம் மேடம், அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க நம்பருக்கு ஒரு கோட் போகும், அதைச் சொல்லுங்க, என்றான். அக்கவுண்ட் தம்பி பேரில் இருக்கிறது, ஆரம்பிக்கும்போது அப்பாதான் சொன்னார், பாசஞ்சர் பேர்ல இருக்கட்டும், அவனுக்கும் ஒரு பொறுப்பு வேணும்ல, என்று. வேறு வழியே இல்லையா தம்பி, நான்தான் எல்லாத்தையும் பாத்துக்கறேன், அவருக்கு ஒண்ணும் தெரியாது, என்று அந்தப் பையனிடம் கெஞ்சினாள், அவருக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இல்ல மேடம், அவர் நம்பர்தான், கோட் அனுப்பிட்டேன், கொஞ்ச நேரம்தான் செல்லும், என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அந்த எண்ணை அவள் தொட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது, எப்படி இருக்கே என்றா, நான்டா பேசறேன் என்றா, மெசேஜ் அனுப்பினால் பார்க்க மாட்டான், அவன் மெசேஜ் பார்க்கிற ஆளே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தாள். நீங்கள் தொடர்பு கொள்ளும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல், இந்தப் பொண்ணுக்கு மூச்சு எங்க விடணும்னே தெரியலை என்று அப்பா எப்போதும் குறை சொல்கிற அதே குரல். லிஃப்ட் குழிக்குள் இருப்பான், அங்கே சிக்னல் போகாது. மறுபடி அழைத்தாள், வெளியே இருக்கிறார், மறுபடி, வெளியே, வெளியே என்றால் எவ்வளவு வெளியே, யார் தள்ளியது வெளியே… கடிகார முள் சொல்லாமல் கொள்ளாமல் நகர்ந்துகொண்டிருந்தது, பக்கத்து அறையில் அப்பா இருமினார், இருமலுக்கும் சத்தம் இல்லை, கட்டில்தான் அவருக்காக இருமியது. போன் அதிர்ந்தது, அவன்தான், எடுத்தாள், எதிரொலியோடு மூச்சிரைப்பு கேட்டது, படியில் ஏறி ஓடி வந்திருக்கிறான், அக்கா… அக்கா, அப்பாவுக்கு… என்று பாதியில் நின்றுவிட்டான், அந்தப் பாதிக்குள் அவளுக்குச் சுருக்கென்றது. அவளிடமிருந்து அழைப்பு வந்தால் அவனுக்கு அது ஒரே ஒரு சேதிதான், அதைத்தவிர வேறு எதற்கும் அழைக்க மாட்டாள் என்று இத்தனை நாளாகப் பயந்துகொண்டே போனை வைத்திருந்திருக்கிறான், எத்தனை தவறிய அழைப்பு பார்த்திருப்பான், பாவி, எப்படி ஓடி வந்தானோ. அப்பா நல்லா இருக்கார்டா, இப்பதான் சிரிச்சுட்டுப் போனார், என்றாள். அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அப்புறம் சொல்லிவிட்டாள், பூசி மெழுகாமல், டிஸ்க், தேதி, அம்பு, எல்லாம், தப்பா ஏத்திட்டேன்டா, நீ ஏத்தினது எல்லாத்துக்கும் மேல பழசை ஏத்திட்டேன், இன்னும் கொஞ்ச நேரத்துல பேக்கப்பும் போயிடும், உன் போன்ல ஒரு கோட் வந்திருக்கும் பாரு. திட்டுவான் என்று காத்திருந்தாள், நேரா சர்வர்ல கை வைக்காதேன்னு சொன்னியே என்று ஒரு வார்த்தை கேட்பான், கேட்கட்டும், கேட்டால் நன்றாக இருக்கும். அவன் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான், மெதுவாக, ஒவ்வொரு எண்ணுக்கும் இடைவெளி விட்டு, இது யார் படிக்கிற மாதிரி என்று அவளுக்குத் தெரிந்தது. வேலைப் போனில் காத்திருந்த அந்த உதவிப் பையனிடம் சொன்னாள், சரியா இருக்கு மேடம், ஆரம்பிச்சிடுச்சு, என்றான். போட்டுட்டாங்களா, என்றான் தம்பி. போடறாங்க. ம். வைத்துவிடுவான் என்று நினைத்தபோது கேட்டான், அக்கா, நீ அதுல ஒண்ணாவது கேட்டியா? ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. இல்லடா, என்றாள். யாரோ கீழேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். வேலை இருக்குக்கா… கேட்டா, ஏழாவதுலேருந்து ஆரம்பிக்காதே, என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பன்னிரண்டுக்கு மூச்சு விடுகிற நேரம் இருக்கும்போது முடிஞ்சிடுச்சு மேடம் என்று அந்தப் பையன் சொன்னான். சொன்னால் போதுமா, சரிபார்க்க வேண்டாமா, மென்பொருளைத் திறந்து இரண்டு பக்கத்தையும் மறுபடி ஒப்பிட்டாள், திரை முழுக்கப் பச்சை அம்பு, மறுபடியும் எல்லாமே இடமிருந்து வலமாக, அதற்கு என்ன நடந்தது என்றே தெரியாது, இவளுடையதுதான் புதிது, இவளுடையதுதான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறது. ஒலிப்பதிவுகளின் அம்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டியை வைத்து அழுத்தித் திருப்பினாள், ஒட்டுமொத்தமாகத் திருப்ப ஒரு பொத்தான் இருக்கிறது, அதை நம்பவில்லை, ஒன்று, அடுத்தது, அடுத்தது, அத்தனையும் முகத்தை இவள் பக்கம் திருப்பிக்கொண்டன. கடைசி அத்தியாயம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதற்குப் புதுப் பதிவு கிடையாது, அதை அப்பா மறுபடி படிக்கவே இல்லை, அந்த ஒரு வாரம் இவள் கொடுக்கவில்லை, அதன் அம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பழைய பதிவுதான். அழுத்தினாள். வலமிருந்து இடமாக ஃபைல்கள் இறங்க ஆரம்பித்தன.

ஏழாவதிலிருந்து ஆரம்பிக்காதே என்றால் எக்ஸ்பிரஸ் வேறு எதிலிருந்து ஆரம்பிப்பாள்? இறங்கிய கையோடு ஏழாவதைத் தட்டினாள். ஏழாவது அத்தியாயம், தோள்பட்டை, என்றது ஒரு குரல், ஐயோ, அப்பா, மரத்தை அறுத்த மாதிரி ஒரு குரல், ஆனால் அவசரமே இல்லை, ஒரு சொல்லை வைத்து, அது போய்ச் சேரும்வரை காத்திருந்து, அடுத்த சொல்லை வைக்கிறார், தோள்பட்டை மூட்டுதான், உடலிலேயே, மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு, அப்படி அசைவதாலேயே, மிக எளிதில்… கதவு தட்டுகிற சத்தம். தூரத்தில் ஒரு பெண் குரல், கூர்மையாக, எரிச்சலாக, போதும்ப்பா! நிறுத்துங்க! சொன்னா கேக்கவே மாட்டீங்களா? அவளுக்கு ஒரு கணம் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்றுதான் தோன்றியது. அப்புறம் தெரிந்தது. பதிவுக்குள் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது, அப்பாவின் மூச்சு கேட்டது, ஒரு மிடறு தண்ணீர், பிறகு அதே வாக்கியம் முதலிலிருந்து, இன்னும் மெதுவாக, தோள்பட்டை மூட்டுதான்…

நீங்கதானா அந்த அக்கா. மூன்று மாதமாக அந்தப் பெண் இதை ரெண்டு ரெண்டு தடவை கேட்கிறாள், கூட இருக்கிற மாணவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள், இவள் ஒருத்திதான் கேட்கவில்லை. இருமலை வெட்டியவன், கேட்டவர் காதில் ஒரு கனைப்புக்கூட விழாமல் பார்த்துக்கொண்டவன், இதை மட்டும் ஏன் விட்டுவைத்தான், கோபத்திலா, அப்படியென்றால் கேட்காதே என்று ஏன் சொன்னான், அல்லது அப்பாதான் விடு, அவ சத்தமும் இருக்கட்டும் என்று சொன்னாரா? அவனிடம் கேட்கலாம், அப்பாவிடமே கேட்கலாம், பலகை இருக்கிறது. கேட்காமல் வேறொன்றும் செய்யலாம், கத்தரிக்கிற மென்பொருள் இதே திரையில்தான் இருக்கிறது, அந்த இடத்தைக் குறித்து வெட்டினால் தடயம் தெரியாது, சுத்தமாகிவிடும், சுத்தம் செய்வதுதானே அவள் பிழைப்பு… கர்சர் அந்த இடத்தில் போய் நின்றுவிட்டது, அப்போதுதான் உறைத்தது, வெட்டிச் சேமித்த அந்த நிமிடமே இவளுடையது புதியதாகிவிடும், இன்றைய தேதி விழுந்துவிடும், அம்பு மறுபடி இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொள்ளும். கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. ஸ்பீக்கரில் அந்த உடைந்த குரல் மேலே படித்துக்கொண்டே போனது, சுவருக்கு அந்தப் பக்கமும் அது கேட்டிருக்கும், கட்டில் முனகியது, சுவரில் ஒரு தட்டு விழுந்தது. இரண்டாவது தட்டு வருகிறதா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.